புஷ் பைலட் வேலை தேடி ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் வணிக விமானி உரிமம், லாக் புக்கில் பறந்த கணக்காக இருநூற்றுச் சொச்சம் மணி நேரம், தலைக்கு மேல் கல்விக் கடன். ஏர்லைன் பக்கம் கதவு திறப்பதாகத் தெரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் ஆப்பிரிக்காவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் போட்ஸ்வானாவின் மாவுன் நகரைச் சுற்றியே பேச்சு இருக்கும். ஏன் என்பது இரண்டாவது கேள்வியில் வருகிறது.

புஷ் பைலட் என்றால் என்ன வேலை செய்ய வேண்டும்?

சாலை போய்ச் சேராத இடத்துக்குச் சிறிய விமானத்தில் ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மண்ணோ புல்லோ சரளையோ போட்ட ஓடுதளத்தில் இறங்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்காது, விளக்கு இருக்காது, பெட்டி தூக்க ஆள் இருக்காது. பயணிகளை வரவேற்பது, எடை பார்ப்பது, பெட்டிகளை அடுக்குவது, எரிபொருள் நிரப்புவது, வாந்திப் பையை அப்புறப்படுத்துவது எல்லாம் விமானியின் தலையில்தான். நடுவில் கொஞ்சம் விமானமும் ஓட்டலாம்.

ஆப்பிரிக்கா என்பது ஒரு கண்டம். எங்கே போவது?

குறைந்த மணிகளோடு முதல் வேலை தேடுபவர்களுக்கு இரண்டு ஊர்கள்தான் உருப்படியாகச் சொல்லத்தக்கவை: போட்ஸ்வானாவில் மாவுன், நமீபியாவில் விண்ட்ஹுக்.

மாவுன் ஒகவாங்கோ டெல்டாவின் வாசல். ஒகவாங்கோ ஆறு கடலுக்குப் போவதில்லை. கலஹாரி மணலில் விரிந்து அங்கேயே வற்றிவிடுகிறது. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் ஜனவரி, பிப்ரவரியில் கொட்டும் மழை மெல்ல இறங்கி வந்து டெல்டாவை நிரப்பும்போது மே, ஜூன் ஆகிவிடும். போட்ஸ்வானாவில் அப்போது ஒரு துளி மழை இல்லாத குளிர்காலம். சுற்றிலும் காய்ந்து கிடக்க, நடுவில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. யானையும் காட்டெருமையும் அங்கே திரள்கின்றன; அவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் திரள்கிறார்கள். 2014-இல் இந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-ஆவது இடமாகச் சேர்ந்தது. வனவிலங்கை வரவழைக்கும் அதே தண்ணீர் பாதைகளை மூடிவிடுவதால், உள்ளே இருக்கும் பல விடுதிகளுக்கு விமானம் ஒன்றுதான் வழி. மேக் ஏர், வில்டர்னஸ் ஏர், மொரேமி ஏர், மேஜர் ப்ளூ ஏர் போன்ற நிறுவனங்கள் மாவுனில் இதற்காகவே இயங்குகின்றன. பதினைந்து முதல் நாற்பது நிமிடப் பயணங்கள், நாள் முழுவதும்.

விண்ட்ஹுக்கில் வேலை தேடுபவர்கள் போக வேண்டியது பெரிய சர்வதேச விமான நிலையத்துக்கு இல்லை. நகருக்குள் இருக்கும் ஏரோஸ் விமான நிலையத்துக்கு. சோசுஸ்வ்லெய் மணல் மேடுகள், எலும்புக்கூட்டுக் கடற்கரை எனத் தூரங்கள் அதிகம். அதனால் அங்கே செஸ்னா 210 என்ற வேகமான சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு மவுசு.

கென்யாவும் தான்சானியாவும் பெயரில் பெரியவை. நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்கு 1929-இல் அங்கே விமான நிறுவனம் தொடங்கிய ஃப்ளோரன்ஸ் கெர் வில்சன் என்ற பெண்மணியின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அத்தனை பழைய மரபு. ஆனால் இன்று அங்கே பறப்பவை பெரும்பாலும் செஸ்னா கேரவன் என்ற பெரிய ஒற்றை எஞ்சின் விமானமும் அதைவிடப் பெரிய இரட்டை எஞ்சின் விமானங்களும். உள்ளூர் இளைஞர்களே வரிசையில் நிற்கும்போது 250 மணி வெளிநாட்டுக்காரருக்கு அங்கே இடம் அரிது.

எத்தனை மணி பறந்திருக்க வேண்டும்?

சட்டப்படி வணிக உரிமம் இருந்தால் போதும். நிறுவனங்கள் கேட்பது அதைவிட அதிகம். காப்பீட்டு நிறுவனம் சொல்வதே கடைசி வார்த்தை. 200-லிருந்து 250 மணியோடு வேலை கிடைத்தவர்கள் உண்டு. 400, 500 இருந்தால் பேச்சு சுலபமாகும். மொத்த மணியைவிட அது எப்படிச் சேர்ந்தது என்பதைப் பார்ப்பார்கள். செஸ்னா 206 அல்லது 210-இல் இருபது முப்பது மணி, மண் ஓடுதள அனுபவம், வெயில் காலத்தில் உயரமான இடத்தில் பறந்த அனுபவம் இருந்தால் தனி மதிப்பு. மணி சேர்க்கச் செலவு செய்வதாக இருந்தால் தென்னாப்பிரிக்காவிலோ நமீபியாவிலோ செய்யுங்கள். ஃப்ளோரிடாவின் நீளமான தார் ஓடுபாதைகளில் சேர்த்த நூறு மணியைவிட அது இங்கே பேசும்.

இந்திய உரிமம் செல்லுமா?

நேரடியாகச் செல்லாது, மாற்ற வேண்டும். போட்ஸ்வானாவில் பதிவான விமானத்தை ஓட்ட அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகாரம் தர வேண்டும். விமானச் சட்டத் தேர்வு, மருத்துவச் சான்று, பறந்து காட்டும் சோதனை எனச் சில படிகள் உண்டு. உங்கள் உரிமம் உண்மையானது என்று டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) உறுதிசெய்வதும் தேவைப்படும். இந்தக் கடிதப் போக்குவரத்துதான் ஆளைக் கொல்லும். டெல்லியில் ஒரு கோப்பு நகர எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். எனவே ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றிதழையும், கல்விச் சான்றுகளின் சான்றளிக்கப்பட்ட நகல்களையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பணி அனுமதிக்கு இவை கேட்கப்படும்.

தென்னாப்பிரிக்காவில் பயிற்சி பெற்று அந்நாட்டு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. அந்த உரிமம் இப்பகுதியில் எல்லோருக்கும் பழக்கப்பட்ட ஒன்று.

ஊரில் இருந்தபடியே மின்னஞ்சலில் விண்ணப்பிக்கக் கூடாதா?

அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நிறுவனத்தின் பக்கமிருந்து பாருங்கள். தலைமை விமானியின் மேசையில் உலகம் முழுவதிலுமிருந்து வந்த விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாரும் 250 மணி, எல்லாரும் சாகசப் பிரியர்கள். இவர்களில் யார் மூன்றாவது வாரமே வெயிலும் தனிமையும் தாங்காமல் ஓடிப்போவார்கள் என்பது காகிதத்தில் தெரியாது. ஒருவரை எடுத்துப் பயிற்சி கொடுத்து ஓடுதளங்களைப் பழக்குவதற்குப் பணமும் வாரங்களும் செலவாகின்றன. ஆகவே சொந்தச் செலவில் மாவுன் வரை வந்து, வெயிலில் நடந்து, அலுவலகக் கதவைத் தட்டி நிற்பவரை அவர்கள் முதலில் கவனிக்கிறார்கள். ஒரு விமானி திடீரென்று விலகினால், மாவுனில் இருப்பவருக்குத்தான் அழைப்பு வரும். சென்னையில் இருப்பவருக்கு வராது.

அலுவலகங்கள் எல்லாம் விமான நிலையத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஒரே காலையில் நடந்தே முடித்துவிடலாம். உள்ளே நுழைந்ததும் 'துமெலா ரா', பெண்ணாக இருந்தால் 'துமெலா மா' என்று வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, பிறகு வந்த விஷயத்தைச் சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் கோப்பை நீட்டுபவரை அங்கே மரியாதை தெரியாதவராகத்தான் பார்ப்பார்கள். வரவேற்பறையில் இருக்கும் அம்மையாரிடம் நடந்துகொண்ட விதம் மாலைக்குள் தலைமை விமானியின் காதுக்குப் போய்விடும். ஊர் அவ்வளவு சிறியது.

எந்த மாதம் போவது நல்லது?

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். ஜூன் முதல் அக்டோபர் வரை சுற்றுலா உச்சத்தில் இருக்கும். பருவம் முடிந்ததும் பழைய விமானிகள் சிலர் பெரிய நிறுவனங்களுக்கு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த பருவத்துக்குள் புதியவர்களைப் பயிற்றுவித்து முடிக்க வேண்டும். ஜூலையில் போய் நின்றால் உங்களோடு பேசவே யாருக்கும் நேரமிருக்காது.

வேலை கிடைக்கும்வரை அங்கே என்ன செய்வது?

தமலாகானே ஆற்றங்கரையில் கூடாரம் போட இடம் தரும் விடுதிகள் இருக்கின்றன. வேலை தேடும் விமானிகள் காலங்காலமாக அங்கேதான் தங்குகிறார்கள். வாரம் ஒருமுறை அலுவலகங்களில் முகம் காட்டுங்கள். தினமும் போய்த் தொல்லை கொடுக்காதீர்கள். மாலையில் விமானிகள் கூடும் இடங்களில் போய் உட்காருங்கள். எந்த நிறுவனத்தில் ஆள் தேவை என்ற செய்தி அறிவிப்பாக வருவதற்கு முன் அந்த மேசைகளில்தான் அடிபடும். அங்கே அதிகம் குடிக்கும் ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தச் செய்தியும் அதே வேகத்தில் பரவும்.

பணி அனுமதி இல்லாமல் எந்த வேலையும் செய்யாதீர்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் கூட. சுற்றுலா விசாவில் வந்தவர் விமானத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பதைக் குடிவரவு அதிகாரி பார்த்தால் கதை முடிந்தது. அனுமதிக்கு விண்ணப்பிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. வர மாதக்கணக்கில் ஆகலாம். தகுதியுள்ள போட்ஸ்வானா குடிமக்கள் இருந்தால் வேலை முதலில் அவர்களுக்கு என்பது அரசின் கொள்கை. அவர்கள் நாடு, நியாயமான கொள்கைதான். உள்ளூர் விமானிகள் பெருகி வருவதால் வெளிநாட்டவருக்கான இடம் சுருங்கி வருகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

விடியும் முன்பே விமானத்தருகில் நிற்க வேண்டும். இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீப்பாயிலிருந்து கைப்பம்பில் எரிபொருள் ஏற்றியிருந்தால் இது இரட்டிப்பு முக்கியம்.

பிறகு கணக்கு. செஸ்னா 206-இன் உச்ச எடை 1,633 கிலோ. வெறும் விமானம் சுமார் 1,000 கிலோ என்று வையுங்கள். விமானி 80 கிலோ. போய்வரத் தேவையானதும் கையிருப்புமாக எரிபொருள் 120 கிலோ. மிச்சம் 430 கிலோ சொச்சம். பயணி ஒருவருக்கு 80, அவருடைய லக்கேஜ் 20 என்றால் நான்கு பேரோடு நிறைந்துவிட்டது. விமானத்தில் ஆறு இருக்கைகள் இருக்கின்றனவே என்று ஐந்தாவது பயணியை ஏற்ற முடியாது. டெல்டாவில் பையோடு கேமராவும் சேர்த்து ஆளுக்கு 20 கிலோ, அதுவும் துணிப்பையாக மட்டும் என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. சக்கரம் வைத்த கடினமான சூட்கேஸோடு வந்து நிற்கும் பணக்காரப் பயணியிடம், அவர் மனம் கோணாமல், "இது ஏறாது" என்று சொல்லத் தெரிவதும் வேலையின் ஒரு பகுதி.

பாதுகாப்பு விளக்கத்தில் 206-க்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பின்னால் வலப்பக்கம் இரட்டைக் கதவு. இறக்கையின் ஃப்ளாப் (பின்விளிம்பில் மடங்கி இறங்கும் பகுதி) கீழே இறங்கியிருந்தால் அதன் முன்பாதி முழுமையாகத் திறக்காது, இடிக்கும். அவசரத்தில் பின் பாதியின் பிடியை எப்படித் திருப்பி வெளியேறுவது என்பதைப் பயணிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் காட்ட வேண்டும். இயந்திரம் போல ஒப்பிக்கும் விமானிகளும் உண்டு. அப்படிப்பட்டவரோடு பறக்க எனக்கு விருப்பமில்லை.

இறங்குமிடத்தில் முதலில் ஓடுதளத்தின் மேல் தாழ்வாக ஒருமுறை பறந்து பார்க்க வேண்டும். இம்பாலா மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். காட்டுப்பன்றி தோண்டிய குழி இருக்கலாம். ஒற்றை யானை நடுவில் நின்றுகொண்டு நகர மறுக்கலாம். ஒரு சுற்றுக்கு மசியாவிட்டால் இன்னொரு சுற்று. வானொலியில் உங்கள் இருப்பிடத்தையும் உயரத்தையும் நீங்களே அறிவித்துக்கொண்டு, மற்றவர்கள் சொல்வதையும் காதில் வாங்கி, யார் எங்கே என்று மனதில் படம் போட்டுக்கொள்ள வேண்டும். ஸகனாகா, க்வாய், பொம் பொம், வும்புரா என நிறைய ஓடுதளங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாத் தீவும் எல்லா ஓடையும் ஒன்றுபோலவே தெரியும். ஜிபிஎஸ் இருக்கிறது என்றாலும், பழக்கும் பைலட் அதை மூடிவிட்டு "இப்போது எங்கே இருக்கிறோம்?" என்று கேட்பார்.

இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். காட்டு ஓடுதளங்களில் விளக்கு கிடையாது. உள்ளேயே இரவு தங்க நேர்ந்தால் சக்கரங்களைச் சுற்றி முள் கிளைகளை அடுக்கி வைப்பார்கள். கழுதைப்புலிகளுக்கு டயர் ரப்பரைக் கடித்துப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை.

ஆபத்தான வேலையா?

ஆமாம். மிருகங்களால் வரும் ஆபத்து குறைவு. வெப்பத்தாலும் எடையாலும் வருவதுதான் அதிகம். மாவுன் கடல் மட்டத்துக்கு மேல் 3,093 அடியில் இருக்கிறது. அக்டோபர் பிற்பகலில் 38 டிகிரி அடித்தால், காற்றின் அடர்த்தி குறைந்து, விமானத்துக்கு அது சுமார் 6,500 அடி உயரமான இடம். எஞ்சின் திணறும், இறக்கை தூக்காது, மேலெழ நீளமான ஓட்டம் தேவைப்படும். எதிரில் மரங்கள் இருக்கும் குட்டையான மண் ஓடுதளத்தில் இந்தக் கணக்கில் பிசகினால் மன்னிப்பு கிடையாது. பிற்பகல் வெப்பக் காற்றில் குலுக்கலும் கழுகு மோதும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். செப்டம்பரில் காட்டுத்தீப் புகை, டிசம்பரில் இடிமேகச் சுவர்கள்.

2011 அக்டோபர் 14 அன்று ஸகனாகாவிலிருந்து புறப்பட்ட செஸ்னா கேரவன் ஒன்று சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. அதிலிருந்த 12 பேரில் விமானி உட்பட 8 பேர் இறந்தனர். நம்பகமான டர்பைன் எஞ்சின் கொண்ட விமானம் அது. இந்த வேலைக்கு வருகிறவர் வீட்டில் இதைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிறுவனம் எடை கூடுதலாக ஏற்றச் சொன்னாலோ, பழுதை எழுதாமல் விடச் சொன்னாலோ மறுத்துவிடுங்கள். வேலை போனால் இன்னொன்று தேடலாம். பெரும்பாலான தலைமை விமானிகள், "போகமாட்டேன்" என்று காரணத்தோடு சொல்லும் புதியவரை மனதுக்குள் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

சம்பளம் எப்படி?

தொடக்கத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகக் கொஞ்சம் மிஞ்சும். கல்விக் கடன் தவணையை இதை வைத்துக் கட்டிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். சில நிறுவனங்கள் பகிர்ந்து தங்கும் வீடு தருகின்றன. கேரவனுக்கு ஏறினால் நிலைமை தேறும். சம்பளத்துக்கு மேல் கிடைப்பது பறக்கும் மணிகள். பருவத்தில் மாதம் 80, 100 என்று ஏறும்.

காய்ச்சல், தடுப்பூசி?

ஒகவாங்கோ மலேரியாப் பகுதி, முக்கியமாக மழை மாதங்களில். தடுப்பு மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை: மெஃப்ளோகுயின் விமானிகளுக்கு ஆகாது. தலைச்சுற்றலும் மனக் குழப்பமும் தரக்கூடியது. விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் கேட்டு வேறு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் தங்கி வருவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் அவசியம். திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவருமா?

வரும். பெண் விமானிகள் இங்கே புதுமை இல்லை. 1930-களில் கென்யாவில் தபாலும் மருந்தும் சுமந்து பறந்த பெரில் மார்க்கம் 1936-இல் இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தனியாக மேற்கு நோக்கிக் கடந்தார். பெட்டி தூக்கும் உடல் வலு எல்லோருக்கும்தான் வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவன் பிழைப்பேனா?

அரிசி, பருப்பு கடைகளில் கிடைக்கிறது. சமைக்கத் தெரிந்தால் பிழைப்பீர்கள். விருந்துக்கு அழைத்தால் மாட்டிறைச்சிதான் முன்னால் வரும்.

பணம் கட்டினால் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறாரே?

வேண்டாம். "விசா செயலாக்கக் கட்டணம்" முன்கூட்டியே கேட்டால் அது மோசடி. மணிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு கேரவனில் வலப்பக்க இருக்கை தரும் ஏற்பாடுகள் சட்டப்படியே சில இடங்களில் உண்டு. ஒற்றை விமானி போதுமான விமானத்தில் இரண்டாவதாக உட்கார்ந்து சேர்த்த மணியை அடுத்த நிறுவனம் ஏற்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

மிஷன் விமான சேவை, ஐ.நா. விமானங்கள்?

1945-இல் தொடங்கிய மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் கிறிஸ்தவ ஊழிய அமைப்பு. நம்பிக்கையும் நீண்டகால அர்ப்பணிப்பும் உள்ளவர்களுக்கு அது தனிப் பாதை. ஆதரவு நிதியை நீங்களே திரட்ட வேண்டியிருக்கும். உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. மனிதாபிமான விமான சேவைக்கு ஒப்பந்த நிறுவனங்கள் மூலம்தான் விமானிகள் போகிறார்கள்; ஆயிரக்கணக்கில் மணி வேண்டும். தெற்கு சூடானும் சோமாலியாவும் முதல் வேலைக்கான இடங்கள் இல்லை.

இந்த மணிகளுக்கு இந்திய ஏர்லைனில் மதிப்பு உண்டா?

ஏர்லைன் விமானி உரிமத்துக்கான 1,500 மணிக் கணக்கில் சேரும். தலைமையேற்றுப் பறந்த மணிகள் என்பதால் கூடுதல் நன்மை. ஆனால் இந்திய ஏர்லைன்கள் 200 மணிக்காரர்களையே ஏர்பஸ் பயிற்சி கொடுத்து எடுக்கின்றன. அங்கே தேர்வும் ஜெட் பயிற்சியும்தான் பேசும். ஏர்லைனுக்குக் குறுக்குவழி என்று நினைத்து மாவுன் போவதில் பொருளில்லை. இந்தப் பறத்தலே பிடித்திருந்தால் போங்கள்.

நேர்முகத்தில் "எத்தனை காலம் இருப்பீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். இரண்டு பருவமாவது இருப்பேன் என்று மனதாரச் சொல்ல முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். பயிற்சிச் செலவுக்காக ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்குவதும் உண்டு. கையெழுத்துக்கு முன் இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைப் படியுங்கள்.

வேலை கிடைக்காவிட்டால்?

பலருக்குக் கிடைப்பதில்லை. கிளம்பும் முன்பே எவ்வளவு பணம், எத்தனை வாரம் என்று வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். மாவுனில் இரண்டு மாதம் பார்த்து ஒன்றும் நகராவிட்டால், பஸ் பிடித்து விண்ட்ஹுக் போய் ஏரோஸில் இன்னொரு சுற்றுக் கேட்டுப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் உங்கள் எண்ணையும் விண்ணப்பத்தையும் எல்லா அலுவலகங்களிலும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். நேரில் பார்த்துப் பேசிய ஆள் என்பதால் அடுத்த பருவத்துக்கு முன் அழைப்பு வந்தவர்கள் உண்டு. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள்.